மதினிக்கு ஒரு பராக்கு

எங்கள் வீட்டில் பால் பொங்கி வழிந்தால் ‘பராக்கு இல்லாம வந்துருச்சு’ என்போம். சொல்லிக்கொள்ளாமல் விருந்தாளி வந்து வாசலில் நின்றாலும் அதேதான். காயப்போட்ட நெல்லை மழை நனைத்தாலும் அதேதான். வெளியூர்க்காரர்கள் கேட்டால் விழிப்பார்கள். மற்ற வீடுகளில் ‘பராக்கு பார்க்காதே’ என்று பிள்ளைகளை அதட்டுவார்கள். கையில் உள்ள வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்காதே என்று அர்த்தம். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு நேர்மாறான வாழ்வு. பராக்கு என்றால் விழித்துக்கொள், சேலையைச் சரிசெய்துகொள், யாரோ வருகிறார்கள் என்று பொருள்.

இந்த விஷயத்தை எழுதும்படி என் பேத்தி கேட்டாள். எழுதுகிறேன், ஆனால் ஒழுங்காக வரிசைப்படுத்தி எழுத எனக்கு வராது. எனக்குப் பேச்சு அதிகம், பொறுமை குறைவு. அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனபோதும் அப்படித்தான் இருந்தேன்.

நான் பிறந்தது புதுக்கோட்டைக்குத் தெற்கே. வாழ்க்கைப்பட்டது வடக்கே, கீரனூரிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு கிராமத்தில். அப்போது புதுக்கோட்டையில் ராஜாவின் ஆட்சி. என் மாமனார் அரண்மனையில் கட்டியக்காரராக இருந்தவர். தர்பாரிலும் ஊர்வலத்திலும் வெள்ளிப் பூண் போட்ட தடியுடன் முன்னால் நின்று, ராஜா வருகிறார், எல்லோரும் கவனியுங்கள், வழிவிடுங்கள் என்று ‘பராக்! பராக்!’ என்று கூவுகிற வேலை. ஒரு விஷக் காய்ச்சலில் அவர் தொண்டை கெட்டுப்போயிற்று. குரல் உடைந்த கட்டியக்காரருக்கு அரண்மனையில் என்ன வேலை? ஒரு துண்டு நிலத்தைக் கொடுத்து ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். தடியையும் தலைப்பாகையையும் அவரே வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தார்கள். தலைப்பாகை பெட்டிக்குள் போய்விட்டது. தடியை ஊன்றிக்கொண்டு வயலுக்குப் போய் வந்தார்.

ஆனால் வாய் பழக்கத்தை விடுமா? வீட்டின் பின்கட்டு பெண்கள் புழங்கும் இடம். அங்கே நுழைவதற்கு முன்னால் நிலைப்படியில் நின்று ‘பராக்!’ என்பார். மற்ற வீட்டு மாமனார்கள் செருமுவார்கள், இருமுவார்கள். இவருக்கு அரண்மனை முறைதான் தெரியும்.

எனக்கு யாரும் இதைச் சொல்லிவைக்கவில்லை. நான் போன மறுநாள் பின்கட்டில் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு அரிசி களைந்துகொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் திடீரென்று ‘பராக்!’ உடைந்த குரலானாலும் பழகிய குரல் அல்லவா, சுவரெல்லாம் அதிர்ந்தது. அரிசிப் பானையைப் போட்டுவிட்டு எழுந்து ஓடி மாட்டுக்கொட்டகைக்குள் புகுந்துகொண்டேன். பைத்தியக்கார வீட்டில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்று அழுகை வந்தது.

என்னைத் தேடிக்கொண்டு வந்தவள் என் கணவரின் அக்காள். எனக்கு மதினி. வெள்ளைச் சேலை கட்டியிருந்தாள். கல்யாணமான கொஞ்ச காலத்திலேயே புருஷனைப் பறிகொடுத்துவிட்டுப் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவள் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். அதனால் அழுமூஞ்சியாக இருப்பாள் என்று நினைத்திருந்தேன். அவளோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“ஏத்தா, ஏன் இங்கிட்டு வந்து மாட்டோட நிக்கிறே? ராசா யாரும் வரல. எங்கப்பாதான் மோர் குடிக்க வந்தாரு.”

அன்றைக்குச் சிரிக்க ஆரம்பித்தவர்கள்தான் நாங்கள் இரண்டு பேரும். புது வீட்டில் வாய் திறக்க முடியாமல் நான் செத்துக்கொண்டிருந்தேன். என் கணவர் திருச்சியில் ஒரு மண்டியில் வேலை பார்த்தார். வாரக் கடைசியில்தான் வருவார். மாமியார் நல்லவர்தான், ஆனால் எதைக் கண்டாலும் பயம். ஊர் என்ன சொல்லும், பங்காளிகள் என்ன சொல்வார்கள் என்று நாள் முழுக்கக் கலங்கிக்கொண்டிருப்பவர். அவர் முன்னால் பேசினாலும் குற்றம், பேசாவிட்டாலும் குற்றம். என் மதினி அந்த ஒற்றைச் சொல்லை எடுத்து எனக்கு ஒரு பாஷையே செய்து கொடுத்தாள். அதற்காக இன்றைக்கும் அவளை நினைத்துக் கும்பிடுகிறேன். மிகைப்படுத்திச் சொல்லவில்லை. அந்தப் பாஷை இல்லாவிட்டால் முதல் வருஷமே என் ஊருக்கு ஓடியிருப்பேன்.

மாமியார் வருவது தெரிந்தால் கரண்டியால் சட்டி விளிம்பில் தட்டுவாள். அது ‘பராக்கு போடுறது’. யாராவது வந்தால் இருக்கட்டும் என்று கூடுதலாக வடிக்கும் சோறு ‘பராக்குச் சோறு’. கூரையில் உட்கார்ந்து கத்தும் காக்கை ‘கறுப்புப் பராக்கு’. இடித்து முழக்கிவிட்டு ஒரு சொட்டுக்கூடப் பெய்யாமல் போகும் மேகம் இருக்கிறதே, அது ‘வெறும் பராக்கு’. இந்தக் கடைசிச் சொல் எங்களுக்கு மிகவும் பயன்பட்டது. தீபாவளிக்குச் சின்னாளப்பட்டுச் சேலை, பொங்கலுக்குச் சின்னாளப்பட்டுச் சேலை என்று வாரா வாரம் சொல்லிவிட்டுப் போன என் கணவரும் வெறும் பராக்கு. தெருக்கோடியில் இருந்த பங்காளி வீட்டுப் பெரியவரும் வெறும் பராக்கு. அவர் எதற்கெடுத்தாலும் ‘கூட்டத்தக் கூட்டிருவேன், தள்ளி வச்சுருவேன்’ என்று துண்டை உதறுவார். ஒரு கூட்டத்தையும் அவர் கூட்டி நான் பார்த்ததில்லை.

எனக்கு நாள் தள்ளிப்போய், காலையில் எழுந்ததும் குமட்டிக்கொண்டு வந்தது. மதினி என் தலையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “பயப்படாதத்தா. உள்ளேருந்து யாரோ பராக்கு சொல்றாக.” வாந்தி எடுத்துக்கொண்டே சிரித்தேன். அதைவிட அழகாக அந்தச் செய்தியை யாராலும் எனக்குச் சொல்லியிருக்க முடியாது.

ஆனால் எல்லாம் சிரிப்பு இல்லை.

குடிதண்ணீருக்கு ஊருணிக்குப் போகவேண்டும். காலையில் நாங்கள் இருவரும் குடத்தை எடுத்துக்கொண்டு கிளம்புவோம். தெருவில் காலடி வைத்ததும் மதினி எனக்கு மட்டும் கேட்கும்படி முணுமுணுப்பாள்: “பராக்கு, பராக்கு. ராசாத்தி வாரா. ஒதுங்குங்க, ஒதுங்குங்க.” முதலில் அதையும் விளையாட்டு என்றுதான் நினைத்தேன். நானும் கூடச் சேர்ந்து சொன்னேன். பிறகு ஒரு நாள் கவனித்தேன். எதிர்வீட்டு வண்டிக்காரர் மாட்டைப் பூட்டிக்கொண்டு சந்தைக்குக் கிளம்பியவர், மதினியைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்துக்கொண்டு வண்டியை விட்டு இறங்கி வீட்டுக்குள் போனார். உள்ளே உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, நாங்கள் தெருவைத் தாண்டிய பிறகுதான் மறுபடி புறப்பட்டார். வெள்ளைச் சேலை எதிரே வந்தால் போகிற காரியம் உருப்படாதாம்.

“அதான் முன்னாடியே பராக்கு சொல்லிக்கிட்டு வாரேன்” என்றாள் மதினி. “பாவம், அவுகளும் ஒதுங்குறதுக்கு நேரம் வேணும்ல?”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குக் கோபம் சுருக்கென்று வரும். குடத்தை இறக்கி வைத்துவிட்டு அந்த வண்டிக்காரரை நான்கு கேள்வி கேட்கவேண்டும் போல் இருந்தது. அவள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள். அதன் பிறகு அந்த முணுமுணுப்பில் நான் சேர்ந்துகொள்ளவில்லை.

பங்குனி வெயிலில் எனக்குப் பிரசவம். தலைப் பிரசவத்துக்குத் தாய்வீடு போவதுதான் முறை. என் தாய்வீட்டில் அப்போது வைசூரி அம்மை போட்டிருந்ததால் போக முடியவில்லை. பிள்ளை தலை திரும்பாமல் கால் முன்னால் வந்தது. ஊர் மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். மாமா, என் மாமனாரை அப்படித்தான் கூப்பிடுவேன், வில்வண்டியைப் பூட்டிக்கொண்டு கீரனூர் ஆஸ்பத்திரிக்குப் போய் நர்ஸம்மாவை அழைத்து வந்தார். மதினியை அறைக்குள் விடவில்லை. பிள்ளை பிறக்கிற இடத்தில் தாலியறுத்தவள் நிற்கக்கூடாது என்று மாமியார் வெளியே நிறுத்திவிட்டார். கதவுக்கு அந்தப் பக்கம் அவள் நடமாடுகிற சத்தம் எனக்கு வலியிலும் கேட்டது.

நர்ஸம்மா கூடப் பிடிக்க ஒரு கை வேண்டும் என்றார். உள்ளே இருந்த பெண்கள் ஒருவரும் முன்வரவில்லை. மாமியார் அழுதுகொண்டிருந்தார். அப்போது கதவு திறந்தது. யாரையும் கேட்காமல் மதினி உள்ளே வந்து, கையைக் கழுவிக்கொண்டு நர்ஸம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. எனக்கு அவளுடைய முகம் மட்டும் ஞாபகம் இருக்கிறது. “கத்துத்தா, நல்லாக் கத்து. ஒரு பராக்கு போடு” என்றாள். கத்தினேன். என் மகள் பிறந்தாள். எங்கள் இரண்டு உயிரும் அந்த இரண்டு பெண்களின் கையில்தான் நின்றது.

நர்ஸம்மா கிளம்பும்போது மதினியைப் பார்த்து, “ஒங்க கை நல்ல கை. எழுதப் படிக்கத் தெரியுமா? புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில மருத்துவச்சிப் படிப்புச் சொல்லித் தர்றாங்க. ஆளு சேர்க்கிறாங்க, ஆடிக்குள்ள போயிடணும். நான் சொல்லி வைக்கிறேன்” என்றார். மதினி அஞ்சாவது வரை படித்தவள். அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் என்ன பார்த்தாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நான் பிள்ளையோடு படுத்திருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்து சொன்னாள்.

“அந்தம்மாவும் வெள்ளைச் சேலைதான் கட்டியிருக்கு. நெத்தியும் வெறும் நெத்திதான். வண்டியில ஊருக்குள்ள வருது, ஒருத்தனும் வீட்டுக்குள்ள திரும்பிப் போகல. எல்லாரும் எந்திரிச்சு நிக்கிறாக. பாத்தியாத்தா?”

பார்த்தேன் என்றேன்.

“எனக்குப் போகணும்” என்றாள்.

அவள் எதையும் வேண்டும் என்று கேட்டு நான் அதற்கு முன்பு கேட்டதில்லை. சாப்பாட்டில் கூட, மிஞ்சியதைப் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவாள். இவளை எப்படியாவது அனுப்பியாகவேண்டும் என்று நான் படுக்கையிலேயே முடிவு செய்துகொண்டேன். முடிவு செய்ய நான் யார், பிள்ளை பெற்றுப் படுத்திருக்கிற மருமகள்! இருந்தாலும் செய்துகொண்டேன்.

மாமியாரிடம் சொன்னோம். அவர் காதைப் பொத்திக்கொண்டார். “கண்ட வீட்டுலயும் போயிப் பிள்ளை எடுக்கிறதா? ஊரு காறித் துப்பாது? நம்ம வீட்டுப் பொம்பளை தெருவுல எறங்கி வேலைக்குப் போனான்னு இருக்கா? என்னால முடியாது. ஒங்கப்பாவைக் கேட்டுக்க.”

சரி, மாமாவைக் கேட்டுவிடலாம் என்றுதான் இருந்தோம். அவர் கோபக்காரர் அல்ல. ஆனால் நாங்கள் கேட்பதற்குள் அது நடந்துவிட்டது.

தீட்டுக் கழிந்து நான் மறுபடி ஊருணிக்குக் கிளம்பிய முதல் நாள். மதினிக்கு என்னோடு வெளியே வருவதில் குஷி. வழக்கத்தைவிடக் கொஞ்சம் சத்தமாகவே ஆரம்பித்துவிட்டாள். “பராக்கு, பராக்கு! ராசாத்தி வாரா, தாலியறுத்த ராசாத்தி வாரா, எல்லாரும் உள்ள போயிக் கதவச் சாத்துங்க!” கையை வேறு கட்டியக்காரர் தடியைப் பிடிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டாள். எனக்கு என்னையும் மீறிச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே திரும்பினால் பின்னால் மாமா நிற்கிறார். வயலிலிருந்து வந்தவர். கையில் அந்தத் தடி. அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

எங்களைத் தாண்டிப் போய்விட்டார்.

அன்று மத்தியானம் நிலைப்படியில் ‘பராக்’ கேட்கவில்லை. தடியால் தரையில் ஒரு தட்டு. அவ்வளவுதான். உள்ளே வந்து மோரைக் குடித்துவிட்டுப் போனார். மறுநாளும் அப்படியே. அந்த வாரம் முழுக்க, அந்த மாதம் முழுக்க. வீடே வேறு வீடு மாதிரி ஆகிவிட்டது. நானும் மதினியும் எங்கள் சொற்களைச் சொல்லவே பயந்தோம். கரண்டி தட்டுவதைக்கூட நிறுத்தினோம்.

“அரமனைச் சொல்லு. அவரு சோறு தின்ன சொல்லு. அதை நாம தெருவுல இழுத்துச் சீப்படுத்திட்டோம்” என்றாள் மதினி. “இனி அவருகிட்டப் போயி நான் என்னன்னு கேக்க?”

ஆனி பிறந்துவிட்டது. ஆடி வந்தால் இடம் போய்விடும். அவளோ வாய் திறப்பதாக இல்லை. நான் கேட்கிறேன் என்றால் வேண்டாம் என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

அதற்குள் மாமியார் யாரிடமோ புலம்பியிருக்கிறார். சேதி தெருக்கோடி வரை போய்விட்டது. ஒரு நாள் காலையில் பங்காளி வீட்டுப் பெரியவர் முன்கட்டில் வந்து உட்கார்ந்தார். நாங்கள் அடுப்படியில் இருந்தோம். அவர் குரல் அங்கே வரைக்கும் வந்தது. மாமாவிடம்தான் பேசினார்.

“ஒம்ம மக ஆஸ்பத்திரிக்குப் படிக்கப் போறாளாம்ல? நல்லாருக்குய்யா. அப்படி எதாவது நடந்துச்சு, கூட்டத்தக் கூட்டிருவேன். ஒம்ம வீட்டுக்கு நல்லது கெட்டதுக்கு ஒருத்தன் வரமாட்டான். தள்ளி வச்சுருவேன், பாத்துக்கிரும்.”

எனக்கு அடுப்புச் சூடு, பிள்ளை அழுகை, ஒரு மாதமாக வாயைக் கட்டிப்போட்ட எரிச்சல், எல்லாம் சேர்ந்துகொண்டது. நினைத்தேனா, சொன்னேனா என்று எனக்கே தெரியாது. அடுப்படியிலிருந்து சத்தமாக வந்துவிட்டது:

“க்கும், வெறும் பராக்கு!”

மதினி என் வாயைப் பொத்தினாள். மாமியார் தலையில் கை வைத்துக்கொண்டார். முன்கட்டில் பேச்சு நின்றது.

“என்னய்யா சொல்லுது ஒம்ம மருமக?” என்றார் பெரியவர்.

மாமா எங்களைத் தொலைத்துவிடப் போகிறார் என்று நடுங்கிக்கொண்டிருந்தோம். மாமாவின் கரகரத்த குரல் நிதானமாகக் கேட்டது.

“ஒண்ணுமில்ல. இடி இடிக்குதாம், மழை வராதாம். எங்க வீட்டுச் சொல்லு அது. ஒங்களுக்கு வெளங்காது.”

நானும் மதினியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இத்தனை காலமாக அவருக்குத் தெரியாமல் பேசுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். மனிதர் ஒவ்வொரு சொல்லையும் நிலைப்படியில் நின்று கேட்டு மனதில் போட்டு வைத்திருக்கிறார். கறுப்புப் பராக்கு, பராக்குச் சோறு, தன் மகனின் சேலைப் பராக்கு, எல்லாவற்றையும்தான்! ‘எங்க வீட்டுச் சொல்லு’ என்றாரே, அதைக் கேட்டதும் பிள்ளையை இறுக்கி அணைத்துக்கொண்டேன்.

பெரியவர் துண்டை உதறிக்கொண்டு போனதும் மதினி முந்தானையைச் செருகிக்கொண்டு முன்கட்டுக்குப் போனாள். நான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றேன்.

“அப்பா, எம்மேல கோவமா? ஒங்க சொல்லைக் கேலி பண்ணிட்டேன்னு.”

மாமா தடியைத் தடவிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

“கோவம் என்ன கோவம். அடுப்படியில நீங்க பேசுறதெல்லாம் எனக்குச் சந்தோசந்தான். ஊருக்கெல்லாம் பராக்கு சொன்ன வாயி இது. வந்தவுக போனவுகளுக்கெல்லாம் வழி விடுங்கன்னு கத்தியிருக்கேன். எம் பிள்ளை தெருவுல தனக்குத் தானே சொல்லிக்கிட்டுப் போகுது, அதுவும் எப்படிச் சொல்லிக்கிட்டுப் போகுது! அதைக் கேட்ட பொறவு எனக்கு நாக்கு எழும்பலத்தா.”

மதினி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மாமா கேட்டார்: “புதுக்கோட்டைக்குப் போகணுங்கிறியாமே?”

“ஆமாப்பா.”

“பயமாருக்கா?”

“படிப்புக்குப் பயமில்ல. இந்தத் தெருவைத் தாண்டுறதுதான். நான் கெளம்புற அன்னைக்கு எத்தனை பேரு உள்ள போயித் தண்ணி குடிப்பாகளோ.”

மாமா தடியை ஊன்றி எழுந்தார். “துணிமணியை எடுத்து வையி” என்றார். மாமியார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மாமா அவர் பக்கம் திரும்பி, “நீ கட்டுச்சோறு கட்டு” என்றார். மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு புளியைக் கரைக்கப் போனார்.

புறப்பட்ட நாள் காலை. யுத்த காலம், பெட்ரோல் கிடையாது. பின்னால் அடுப்பு வைத்த கரி பஸ்தான் ரோட்டில் ஓடியது. எங்கள் தெரு முழுக்க நடந்து, ஊருணிக் கரையைத் தாண்டினால் ரோடு வரும். மதினி தகரப் பெட்டியுடன் வாசலில் நின்றாள். முக்காட்டை நன்றாக இழுத்து விட்டுக்கொண்டாள். காலை நேரம் என்பதால் தெருவில் ஆள் நடமாட்டம் இருந்தது. எதிர்வீட்டு வண்டிக்காரர் மாட்டைப் பூட்டிக்கொண்டிருந்தார். தெருக்கோடியில் பெரியவர் பல் குச்சியோடு நின்றார்.

உள்ளேயிருந்து மாமா வந்தார். எனக்கு அவரை அடையாளமே தெரியவில்லை. தலையில் அரண்மனைத் தலைப்பாகை. ஓரச் சரிகை கறுத்திருந்தது. கையில் தடி; பூணைப் புளி போட்டுத் தேய்த்திருந்தார். மதினியைத் தாண்டித் தெருவில் இறங்கி, அவளுக்கு முன்னால் போய் நின்றார். ஒரு தரம் தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

“பராக்! பராக்!”

நான் அந்த வீட்டில் கேட்ட குரல் அல்ல அது. உடைந்த தொண்டைதான். ஆனால் அடிவயிற்றிலிருந்து வந்தது. தெருவில் இருந்த காக்கைகளெல்லாம் எழும்பிப் பறந்தன. வீடுகளிலிருந்து ஆட்கள் வெளியே வந்து பார்த்தார்கள். ஒருவரும் உள்ளே போகவில்லை. போக முடியாது, ராஜாவுக்குச் சொல்கிற சொல் அல்லவா, கேட்டவர்கள் எழுந்து நின்றுதான் பழக்கம். மாமா தடியை ஊன்றி ஊன்றி முன்னால் நடந்தார். மதினி பின்னால் நடந்தாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான், பிள்ளையோடு மாமியார். வண்டிக்காரர் வண்டியில் ஏறக் காலைத் தூக்கியவர் காலைக் கீழே வைத்தார். தோளில் கிடந்த துண்டு எப்போது அவர் கைக்கு வந்தது என்று அவருக்கே தெரிந்திருக்காது.

தெருக்கோடியில் பெரியவர் மட்டும் வழியில் நின்றார். “என்னய்யா கூத்து இது? யாருக்குய்யா பராக்கு?”

மாமா நடையை நிறுத்தவில்லை. “கண்ணு தெரியல? என் மக வாரா. ஒதுங்கும்.”

அவர் ஒதுங்கினார். இதை எழுதும்போதும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது.

ரோட்டுக்கு வந்தோம். கரி பஸ் புகையைக் கக்கிக்கொண்டு நின்றது. மதினி ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். முக்காடு எப்போதோ நழுவியிருந்தது. அவள் அதைத் திரும்ப இழுத்துவிடவில்லை. மாமா கூவிக் கம்மிப்போன தொண்டையைத் தடவிக்கொண்டு நின்றார். நான் ஜன்னலுக்குக் கீழே போய் அவள் கையைப் பிடித்தேன். அவள் புருஷன் செத்தபோதுகூட அழவில்லை என்று மாமியார் சொல்வார். கன்னத்தில் வழிந்ததைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

“பராக்கு இல்லாம வந்துருச்சுத்தா.”

அவள் படித்து முடித்துக் கீரனூர்ப் பக்கமே வேலைக்கு வந்தாள். எங்கள் வீட்டிலிருந்தே போய் வந்தாள். என் மற்றப் பிள்ளைகளும் அவள் கையில்தான் பிறந்தார்கள். ஒரு சொல்லைக் கொடுத்து என்னைச் சிரிக்க வைத்தாள். கதவைத் திறந்து வந்து என்னைப் பிழைக்க வைத்தாள். மாமாவுக்கும் அவளுக்கும் நான் பட்ட கடன் இந்த ஜன்மத்தில் தீராது, தீரவேண்டும் என்று எனக்கு ஆசையும் இல்லை. தள்ளிவைக்கிற கூட்டம் எதுவும் கூடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்னும் ஒன்று. ஒரு சாயங்காலம் எதிர்வீட்டு வண்டிக்காரர் எங்கள் வாசலுக்கு ஓடி வந்தார். அவருடைய மகள் பக்கத்து ஊரில் வலியெடுத்துத் துடித்துக்கொண்டிருந்தாள். “ஆத்தா, சீக்கிரம் வாங்க” என்று மதினியைக் கும்பிட்டார். அவள் பையை எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினாள். வண்டிக்காரர் மாட்டை முடுக்கினார். தெருவில் பிள்ளைகள், ஆடுகள், தண்ணீர்க் குடத்தோடு பெண்கள். அவர் எழுந்து நின்றுகொண்டு தொண்டை கிழியக் கத்தினார்:

“ஒதுங்குங்க, ஒதுங்குங்க! டாக்டரம்மா வாராக, வழி விடுங்க!”

நானும் மாமாவும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். வண்டி ஊருணிக்கரை திரும்பும் வரைக்கும் அந்தச் சத்தம் கேட்டது. மாமா தலையைச் சாய்த்துக் காது கொடுத்துக் கேட்டார்.

“நல்லாத்தான் சொல்றான்” என்றார். “கொரலுதான் கொஞ்சம் பத்தாது.”